கரையைத் தின்னும் கற்கள்



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு நீங்கள் ஒருமுறையேனும் பயணம் செய்திருப்பீர்கள். நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் நடத்துநர் "கோட்டக்குப்பம்" என்று குரல் கொடுப்பார். தொப்பியணிந்த பெரியவர்கள் சிலரும், பைகளைச் சுமந்த பெண்கள் சிலரும் இறங்குவார்கள். மற்றவர்கள் அவ்வூரைக் கவனிப்பதில்லை. அவர்களின் மனம் அதற்குள் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நான் கோட்டக்குப்பத்தில் இறங்குகிறவன். என் மனைவியின் தாய்மாமா வீடு அங்கே இருக்கிறது. அவரை நானும் மாமு என்றே அழைப்பேன்.

மாமுவின் பேத்திக்கு நிகாஹ். அதற்காகச் சென்றிருந்தேன். விருந்தெல்லாம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு திண்ணையில் அமர்ந்திருந்தோம். மாமி தேநீர் கொண்டுவந்தார். ஒரு மிடறு குடித்ததும் நாவில் இலேசாக உப்புக் கரித்தது. நான் முகம் சுளித்ததை மாமு பார்த்துவிட்டார்.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் மாப்பிள்ளை. முன்னெல்லாம் கற்கண்டாக இருக்கும். கடல் கிட்டே வந்துவிட்டது, தண்ணீரும் கெட்டுவிட்டது" என்றார்.

ஊரெங்கும் ஆழ்துளைக் குழாய்களைப் போட்டு இரவு பகலாக உறிஞ்சுவதற்கும் இந்த உப்பில் பங்கு உண்டு என்று நான் நினைத்தேன். ஆயினும், கல்யாண வீட்டில் அதைச் சொல்லிப் பெரியவரோடு வாதாட மனம் வரவில்லை. கடல் நெருங்கியது மட்டும் உண்மை.

அப்போது மாமுவின் நண்பர் ஒருவர் வந்தார். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த மீனவர். எழுபது வயதைத் தாண்டியவர். மாமு நாற்பது ஆண்டுக்காலம் வலை நூலும் கயிறும் விற்ற கடை நடத்தியவர். அந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர் இவர். கடையை மூடிய பிறகும் நட்பு தொடர்கிறது. வந்தவர் என்னிடம் நேராக விஷயத்திற்கு வந்தார்.

"வாத்தியார் ஐயா, எங்கள் குப்பத்துக்குக் கல் போடச் சொல்லி ஒரு மனு எழுதித் தர வேண்டும். தெற்கே எல்லா ஊருக்கும் கல் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் இல்லை. வருகிற மழைக்காலத்தில் என் வீடு நிற்குமா என்பது சந்தேகம்."

மனு எழுதுவது எனக்குப் புதிதன்று. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தெருவிளக்கு முதல் முதியோர் உதவித்தொகை வரை எத்தனையோ மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடனே தாளை எடுத்து, "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினேன். ஐந்து வரி எழுதியதும் பேனா நின்றது. காரணம், நான் பல ஆண்டுகள் பணியாற்றியது வடசென்னையில், இராயபுரத்தில். கடலுக்குக் கல் போட்ட கதையை அங்கே வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன்.

"நாளைக் காலையில் ஒருமுறை கரையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேனே" என்றேன். பெரியவர் தலையசைத்தார். "தெற்கே இருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மாமுவின் பேரனை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் புறப்பட்டேன். புதுச்சேரி நகரைக் கடந்து, அரியாங்குப்பத்தைச் சுற்றிக்கொண்டு, வீராம்பட்டினக் கரைக்குச் சென்றோம். அங்கிருந்து மணலில் வடக்கு நோக்கி நடந்தால், அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் வரும். புதுச்சேரித் துறைமுகம் அங்கேதான் உள்ளது. 1986க்கும் 1989க்கும் இடையே முகத்துவாரத்தின் இரு பக்கங்களிலும் கருங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் இரண்டு கரங்கள் நீட்டப்பட்டன. கப்பலும் படகும் அலையின் தொந்தரவின்றி நுழைவதற்கான ஏற்பாடு இது.

தெற்குக் கரத்தின் அருகே நின்று பார்த்தேன். பரந்த மணல்வெளி. கால் புதையப் புதைய நடக்க வேண்டியிருந்தது. அடம்புக் கொடி படர்ந்திருந்தது. பேரன் பையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "நன்னா, நம்மூர்க் கரையும் இப்படித்தான் இருந்ததாமே!" என்றான். அவன் அதைக் கண்டதில்லை, கேள்விப்பட்டதோடு சரி.

வாசகர்களே, இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே விளக்கியாக வேண்டும். ஏனெனில் மீதிக் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பது போலத் தோன்றும். உண்மையில் அது ஓயாத வழிப்போக்கன். அலைகள் கரைக்கு நேராக வருவது அரிது. சாய்வாகத்தான் வந்து மோதும். மோதிய அலை மணலைச் சாய்வாகவே மேலே தள்ளும். திரும்பும் நீரோ சரிவில் நேராகக் கீழே இறங்கும். அடுத்த அலை மறுபடியும் சாய்வாகத் தள்ளும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஒரு சிறு அடி வைத்து, மணல் கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கிறது. அலை உடையும் பகுதியில் ஓடும் நீரோட்டமும் அதை இழுத்துச் செல்கிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கு நோக்கிப் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் தெற்கு நோக்கித் திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டொன்றுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே செல்கிறது. லாரிக் கணக்கில் சொன்னால் பல்லாயிரம் சுமை. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆறு கரையோரமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆற்றின் குறுக்கே துறைமுகத்தின் தெற்குக் கரம் நீண்டிருக்கிறது. வருகிற மணல் அதன் தென்புறத்தில் தேங்குகிறது. வடக்கே இருக்கும் கரைகளிலிருந்து அலைகள் வழக்கம்போல் மணலை எடுத்துச் செல்கின்றன. எடுத்த இடத்தை நிரப்புவதற்குத் தெற்கிலிருந்து மணல் வருவதில்லை. வரவு நின்று செலவு நிற்காத குடும்பம் என்னவாகும் என்பது இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துறைமுகம் கட்டியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தெற்கே சேரும் மணலை வாரி வடக்கே சேர்ப்பதற்குத் திட்டத்திலேயே வகை செய்யப்பட்டிருந்தது. அது இடைவிடாமல் நடைபெற வேண்டிய பணி. அப்படி நடைபெறவில்லை. கல்லைக் கொட்டுவது ஒருமுறைச் செலவு, திறப்பு விழாவும் உண்டு. மணலை வாரிப் போடுவது ஆண்டுதோறும் செலவு, அதற்கு விழா கிடையாது.

மீண்டும் ஆட்டோவில் ஆற்றைச் சுற்றிக்கொண்டு வடபுறத்து வம்பாகீரப்பாளையத்திற்கு வந்தோம். துறைமுகக் கரத்தின் மறைவிலே அங்கே ஓரளவு மணல் உண்டு. அதைத் தாண்டி நகரத்தின் கடற்கரைச் சாலைக்கு நடந்தால் காட்சி மாறுகிறது. காந்தி சிலையின் முன்னால் நின்று கீழே பாருங்கள். சாலைக்கும் அலைக்கும் நடுவே கரிய பாறைகளின் குவியல். வெளியூர்க் குழந்தைகள் பெற்றோரிடம் "பீச் எங்கே?" என்று கேட்பதை நானே செவியுற்றேன்.

அந்த இடத்திலேயே ஒரு காலத்தில் மணல் இருந்தது. அங்கே 1866இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய பாலத்துறை ஒன்றும் இருந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது அழிந்தது. அதன் தூண்கள் சில நெடுநாள் வரை கடலில் நின்றன. ஏறத்தாழ 86 ஆண்டுகள் கடலுக்குள் நீண்டிருந்த அந்தத் துறை, கரையை அழிக்கவில்லை. ஏன்? அது தூண்களின் மீது நின்றது. அலையும் மணலும் தூண்களுக்கிடையே புகுந்து தம் வழியே போயின. 1962இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய பாலத்துறையும் தூண்களின் மீதுதான் நின்றது. அது 2022 மார்ச்சில் பகுதியளவு இடிந்து விழுந்தது. கடலுக்குள் எதையுமே கட்டக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். மணல் நடப்பதற்கு வழி விட்டார்களா என்பதே கேள்வி.

சாலையோரக் கற்களைப் பற்றியும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நகரின் மையப் பகுதி பெருந்தீங்கின்றித் தப்பியதற்கு உயர்ந்த கரையும் கற்களும் துணை செய்தன என்று அவ்வூரார் சொல்கிறார்கள். நகரத்தையும் சாலையையும் கல் காக்கிறது. மணலை அது காப்பதில்லை. மணற்கரை அலையின் வேகத்தைச் சரிவில் ஏற்றி, களைப்படையச் செய்து, திருப்பி அனுப்பும். கற்சுவரில் மோதிய அலை களைப்படையாமல் அப்படியே திரும்பிப் பாய்கிறது. பாயும்போது சுவரின் அடியில் இருக்கும் மணலைக் குடைந்து எடுக்கிறது. நாளடைவில் சுவரின் முன்னால் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை சுவர் வரை வரும். கற்கள் சரியும். மேலும் கல் கொட்ட வேண்டும். சுவர் எங்கே முடிகிறதோ அந்த முனையை அடுத்த மண்கரையை, அலை பக்கவாட்டில் வளைந்து சென்று அரிக்கும்.

இந்தச் சாலையின் வடகோடியில், தலைமைச் செயலகத்தின் எதிரே, கண்ணுக்கு இதமான ஒரு மாற்றமும் உண்டு. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018இல் அங்கே கடலுக்கடியில் ஆப்பு வடிவிலான பெரிய எஃகுக் கட்டமைப்பு ஒன்றை இறக்கி வைத்தார்கள். அது வெளியே தெரியாத செயற்கைத் திட்டு. வரும் அலையின் ஆற்றலை அது முன்கூட்டியே உடைத்துவிடுவதால், அதன் பின்னால் மணல் படிகிறது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மணலைக் கண்ட நகரத்து மக்கள் அதில் இறங்கி விளையாடினார்கள். பருவத்திற்கேற்ப அந்த மணல் கூடுவதும் குறைவதும் உண்டு. நல்ல முயற்சி என்றே சொல்வேன். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மணலைப் பிடித்து வைக்கும் எந்தக் கட்டுமானமும், தான் நிரம்பும் வரையில் வழிப்போக்கனைத் தடுத்து வைக்கத்தான் செய்யும். வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்பிவிட்டால் வடக்கே இருப்பவர்களுக்கு இழப்பு குறையும்.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கு நோக்கிப் போகப் போக, கல் அரண் தொடர்கிறது. பல இடங்களில் கரையோரமாக நடக்க முடியாமல் தெருவுக்குள் புகுந்து புகுந்து வந்தோம். கட்டுமரமும் படகும் ஏற்றி வைக்க மணல் இல்லாததால், கிடைத்த இடுக்குகளில் எல்லாம் படகுகள் நெருக்கியடித்து நின்றன. கரைவலை இழுக்க வேண்டுமானால் இருபது முப்பது பேர் வரிசையாக நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க இடம் வேண்டும். பாறையின் மீது நின்று கரைவலை இழுப்பது எப்படி? மாமுவின் கடையில் கரைவலைக் கயிறு விற்பது ஆண்டுக்காண்டு குறைந்து, கடைசியில் கடையே மூடப்பட்டதன் மர்மம் எனக்கு அங்கேதான் விளங்கியது. கடை எப்படிக் கடலால் மூடப்படும் என்று நான் முன்பு அவரிடம் வேடிக்கையாகக் கேட்டதுண்டு. அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

புதுச்சேரியின் எல்லை சோலை நகரை அடுத்து முடிந்து, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது. கோட்டக்குப்பம் இந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர்கள் வரிசையாக உள்ளன. நிலப்படத்தில் அந்த எல்லைக் கோடு தெளிவாக இருக்கிறது. கடலுக்கு அந்தப் படத்தைக் காட்டியவர் எவருமில்லை. தெற்கே போட்ட கல்லின் முனையில் அரிப்பு தொடங்கும். அங்குள்ளவர்கள் கல் கேட்பார்கள். அங்கேயும் போட்டதும் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். கரைக்கு இணையாகப் போடும் கல் அரணுக்குப் பதிலாக, கடலை நோக்கிக் குறுக்கே நீட்டும் தூண்டில் வளைவுகளையும் பல ஊர்களில் போடுகிறார்கள். வளைவின் தென்புறம் மணல் சேரும், வடபுறம் குறையும். துறைமுகத்தின் பெரிய கரம் செய்ததை இந்தச் சிறிய கரங்கள் சிறிய அளவில் செய்கின்றன.

பெரியவரின் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். வேரோடு சாய்ந்த தென்னைகள் இரண்டு கரையில் கிடந்தன. பாதி உடைந்த உறைக்கிணறு ஒன்று, கரையை இழந்து, ஒரு தூணைப் போல அலைக்குள் நின்றது. "இது எங்கள் தெருவுக்கு நடுவே இருந்த கிணறு. இதற்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசை வீடுகள். என் அப்பா வீடு அதில் ஒன்று" என்று கடலைக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அவருடைய இப்போதைய வீட்டின் பின்சுவருக்கும் அலைக்கும் நடுவே நான் எண்ணிய அடிகள் பதினெட்டு.

அந்தச் சுவரின் நிழலில் உட்கார்ந்து, இராயபுரத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கரங்களைக் கட்டும் பணி 1876இல் தொடங்கியது. அதற்கு முன்னால் மெரினா என்ற அகன்ற மணல்வெளி கிடையாது. துறைமுகத்தின் தென்புறத்தில் மணல் தேங்கித் தேங்கி உருவானதே இன்று சராசரியாக 300 மீட்டர் அகலம் கொண்ட மெரினா. மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் காலார நடக்கிறோமே, அந்த மணலில் பெரும்பகுதி இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. தெருக்களும் வீடுகளும் போயின. கல் கொட்டினார்கள். அரிப்பு மேலும் வடக்கே சென்றது. அங்கும் கொட்டினார்கள். பின்னர் தூண்டில் வளைவுகளும் வந்தன. என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர், வீட்டை இழந்து வேறு குடியிருப்புக்குப் போனவர்கள். வருகைப் பதிவேட்டில் முகவரி மாற்றி மாற்றி எழுதிய கை இது.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்படியானால் நாங்கள் கல் கேட்க வேண்டாம் என்கிறீர்களா? நீங்கள் நாளைக்கு மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிடுவீர்கள். ஐப்பசியில் தண்ணீர் வரும்போது இந்தச் சுவருக்குள் படுத்திருப்பவன் நான்."

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். பிறர் வீட்டின் சுவரைப் பற்றி அறிவு பேசுவது எளிது. பதினெட்டு அடியில் கடல் இருக்கும்போது கல் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? நானாக இருந்தால் கேட்காமல் இருந்திருப்பேனா?

நீண்ட நேரம் அவர் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்திற்கு அவர்கள் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதற்கு வன்னி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் காலையில் ஒரு மணி நேரம் யோசித்துப் புரிந்துகொண்டதை, அந்த இரண்டு சொற்களில் அவர் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்தவர். எனவே நான் சொன்னது எதுவும் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. கடைசியில் அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது.

"என் மகளைக் கொடுத்திருப்பது வடக்கே அடுத்த குப்பத்தில். இங்கே கல் விழுந்தால் தெண்டி அடிக்கிறபோது அங்கே குடையும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மனுக் கேட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை."

மாமு அருகே வந்து, எதுவும் பேசாமல், நண்பரின் தோளில் கை வைத்தார்.

அன்று மாலை மூவரும் திண்ணையில் அமர்ந்தோம். முதல் நாள் எழுதிய ஐந்து வரிகளைக் கிழித்துப் போட்டேன். புதிய மனுவில் மூன்று செய்திகளை எழுதினோம். முதலாவது, இந்த மழைக்காலத்தைக் கடத்துவதற்காக வீடுகளின் பின்புறம் மணல் நிரப்பிய பெரிய பைகளை அடுக்கித் தர வேண்டும். பிறகு எடுத்துவிடக் கூடியவை அவை. வீடு விழும் நிலையில் இருப்பவர்களுக்கு அதே ஊரில், கடலுக்குச் சற்று உள்ளே மனை தர வேண்டும். இரண்டாவது, துறைமுகத்தின் தெற்கே தேங்கும் மணலையும், முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலையும் ஆண்டு தவறாமல் வடக்குக் கரையில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, இனி எந்த ஊருக்குக் கல் போடுவதாக இருந்தாலும், அந்த ஊரை மட்டும் அளந்து பார்க்காமல் துறைமுகத்திலிருந்து வடக்கே கடைசிக் குப்பம் வரை ஒரே கரையாகக் கருதி, புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

"இரண்டு அரசாங்கம் சேர்ந்து ஒரு காரியம் செய்யுமா மாப்பிள்ளை?" என்று மாமு சிரித்தார்.

செய்த இடம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் டுவீட் என்னும் ஆறு, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய இரு மாநிலங்களின் எல்லையருகே கடலில் கலக்கிறது. அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது. 1960களில் முகத்துவாரத்துக் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே, குயின்ஸ்லாந்தின் புகழ்பெற்ற கடற்கரைகள் அரிக்கப்பட்டன. புதுச்சேரியின் கதையே அது. இரு மாநில அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டு, 2001 முதல் முகத்துவாரத்தின் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக ஆற்றைக் கடந்து வடக்கே அனுப்புகின்றன. ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து லட்சம் கன மீட்டர் அளவுக்கு மணல் போகிறது. தொடக்கத்தில் அளவுக்கு மிஞ்சி மணல் வந்துவிட்டது என்று வடக்குக் கரையினர் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலேயே விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தார் தூர்வாரும் மணலை நகரத்தின் கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இரண்டையும் மனுவில் இரண்டிரண்டு வரிகளில் சேர்த்தேன்.

இன்னொன்றையும் சேர்க்க நினைத்து விட்டுவிட்டேன். தெற்கிலிருந்து வரும் மணலே முன்போல் இல்லை. தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் சாத்தனூர் அணை எழுந்தது. மேலும் பல அணைகளும் தடுப்பணைகளும் வந்தன. ஆற்று மணலை அள்ளி வீடு கட்டிக்கொண்டோம். கடலுக்கு வந்து சேரும் மணல் குறைந்தது. இதை எழுதினால் மனு எந்த அலுவலகத்துக்கும் பொருந்தாமல் போய்விடும் என்று மாமு சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் உங்களிடம் சொல்வதற்குத் தடையில்லை. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான கரையோர மாற்றங்களை ஆராய்ந்தபோது, இந்தியக் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்குள்ளாகியிருப்பதைக் கண்டது. தமிழ்நாட்டில் அந்த அளவு ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டுகிறது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ இருந்து இதைப் படிக்கும் வாசகர்கள், தங்கள் ஊர்க் கரையில் புதிதாக ஏதேனும் கல் விழுந்திருந்தால், அதன் இரு பக்கங்களையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மனு முடிந்ததும் பெரியவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முதல் கையெழுத்து இங்கே வாங்க மாட்டேன்" என்று எழுந்தார். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. நாங்கள் பள்ளிக்குப் புறப்பட்டோம். அவர் மகளின் ஊரை நோக்கி வடக்கே நடந்தார்.

நான் ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து மாமு தொலைபேசியில் பேசினார். இரண்டு குப்பங்களிலிருந்தும் சேர்த்து நூற்று நாற்பது பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கோட்டக்குப்பத்து வீடுகளிலிருந்தும், கிணற்று நீர் கெட்டதைச் சொல்லி, முப்பது பேர் வரை சேர்ந்திருக்கிறார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பெரியவர் அந்தச் சீட்டைத் தம் வீட்டில் வைக்காமல், மாமுவின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "என் வீட்டில் எதையும் வைக்க நம்பிக்கை இல்லை பாய்" என்றாராம்.

மணல் பைகள் ஐப்பசி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர்ந்தன. மற்ற இரண்டுக்கும் பதில் இன்னும் வரவில்லை. அந்த மழைக்காலத்தில் வீடு நின்றது. சென்ற மாதம் நான் போயிருந்தபோது, பின்சுவரிலிருந்து மறுபடியும் அடிகளை எண்ணினேன். பதினான்கு.